எல் நினோ, லா நினா, நம்ம வயல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை முடிவதற்குள் ஏதாவது ஒரு சேனலில் ‘எல் நினோ மிரட்டல்’ என்று சிவப்பு எழுத்தில் ஓட ஆரம்பித்துவிடும். மறுநாளே உரக்கடையிலும் உழவர் கூட்டத்திலும் அதே சந்தேகங்கள் வரும். என்னிடம் அடிக்கடி வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை டெல்டாக்காரர்களுடையவை. சில கரிசல் காட்டிலிருந்து வந்தவை, ஒன்று இலங்கையின் வன்னியிலிருந்து.

“எல் நினோ எல் நினோங்கிறாங்களே சார், அது புயலா, காத்தா, என்னது?”

இரண்டும் இல்லை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும், நிலநடுக்கோட்டை ஒட்டி, வழக்கத்தைவிடச் சூடேறிக் கிடக்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடந்தால் லா நினா. சாதாரணக் காலத்தில் அங்கே கிழக்கிலிருந்து மேற்காக விடாமல் காற்று வீசும். பாலில் படிந்த ஆடையை ஊதி ஓரம் கட்டுவதுபோல, அந்தக் காற்று மேல்மட்ட வெந்நீரை இந்தோனேசியா பக்கம் ஒதுக்கி வைத்திருக்கும். பெரு நாட்டுக் கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். காற்று தளர்ந்துவிட்டால் ஒதுங்கியிருந்த வெந்நீர் கிழக்கே திரும்பிப் பரவும். அவ்வளவுதான் எல் நினோ.

கடல் மேற்பரப்பு சராசரியைவிட 0.5 டிகிரி செல்சியஸ் கூடி, மாதக்கணக்கில் அப்படியே நின்றால்தான் எல் நினோ என்று அறிவிப்பார்கள். அரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் சூடாவது இந்தியாவைப் போலப் பல மடங்கு பரப்புள்ள கடல். இரண்டு முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஒழுங்கான இடைவெளி கிடையாது. பெரும்பாலும் வைகாசி, ஆனி வாக்கில் தலைகாட்டி, மார்கழி வாக்கில் உச்சத்துக்குப் போய், அடுத்த கோடையில் கரைந்துவிடும். லா நினா மட்டும் சில நேரம் கிளம்ப மனமில்லாமல் தங்கும். 2020-இல் வந்தது 2023 தொடக்கம் வரை, மூன்று குளிர்காலம் நின்றது.

“எங்கயோ பெருவுல தண்ணி சூடானா மன்னார்குடியில மழை எப்படி மாறும்? நம்புற மாதிரி இல்லையே.”

மழை வெந்நீரைத் தேடிப் போகும். கடல் எங்கே சூடாக இருக்கிறதோ அங்கே காற்று ஈரத்தோடு மேலே ஏறி மேகமாகும். மேலே ஏறிய காற்று வேறெங்காவது கீழே இறங்கியாக வேண்டும். இறங்குகிற இடத்தில் மேகம் வளராது. வெந்நீர் இந்தோனேசியா பக்கம் இருக்கும்வரை ஏறுமுகம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அது நடுப் பசிபிக்குக்கு நகர்ந்தால், இறங்குமுகம் இந்தோனேசியாவையும் இந்தியாவையும் அமுக்கும். தென்மேற்குப் பருவமழை சுணங்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இந்தத் தொடர்பைத் தேடிப் புறப்பட்டவர் இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர். 1899–1900 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் அவர் கையிலிருந்த வேலை. பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது என்பதை உலகெங்குமிருந்து வந்த பதிவுகளை வைத்துக் கண்டுபிடித்தார். அப்போது பலர் நம்பவில்லை. கடல் சூடும் இந்தக் காற்றழுத்த ஊசலும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள் என்று 1960-களின் கடைசியில்தான் தெளிவானது.

“எல் நினோன்னா பஞ்சம்தானே? அப்படித்தானே டிவியில சொல்றாங்க?”

டிவியில் சொல்வது பெரும்பாலும் டெல்லிக் கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் பெய்யும் மழையை வைத்துப் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் பயம் நியாயமானதுதான். எல் நினோ ஆண்டான 2002-இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை சராசரியில் 81 சதவீதம். முந்தைய ஆண்டு 9.3 கோடி டன்னாக இருந்த அரிசி உற்பத்தி 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. 2009-இல் மழை 78 சதவீதம். 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டும் தொண்ணூறைத் தொடவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. எல் நினோ ஆண்டில் அந்த மூன்று மாத மழை தென்மேற்குக்கு நேர் எதிராக, கூடுகிற பக்கம் சாயும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் மேல் கீழைக்காற்று வலுக்கும், தாழ்வுநிலைகள் இலங்கையையும் தமிழகக் கரையையும் ஒட்டியே வரப் பார்க்கும். 2015 அதற்குப் பெரிய சாட்சி. நாடு வறட்சியில் கிடந்த அதே எல் நினோ ஆண்டில்தான் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கொட்டி, டிசம்பர் முதல் தேதி சென்னையை மூழ்கடித்தது.

ஆகவே ‘எல் நினோ’ என்று யாராவது சொன்னால் முதலில் திருப்பிக் கேளுங்கள்: எந்த மாசத்து மழையைச் சொல்றீங்க? யார் வயலுக்கு?

“சரி, டெல்டாவுக்கு நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் முடியாது. டெல்டா ஒரே பயிருக்கு இரண்டு மழையை நம்பி இருக்கிறது. மேட்டூருக்கு வரும் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. வயலில் நேராக விழுவது வடகிழக்குப் பருவமழை. எல் நினோ முதலாவதைக் குறைக்கப் பார்க்கும், இரண்டாவதைக் கூட்டப் பார்க்கும். ஜூனில் அணைத் தண்ணீரை நம்பிக் குறுகியகால நெல் போடும் குறுவைக்காரருக்கு அது வறட்சி. வாய்க்கால் முடிகிற கடைமடையில், வடகிழக்கு மழையில் நிற்கும் சம்பா நெல் போட்டவருக்கு அதே எல் நினோ வெள்ளமாக வரும்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீர் இருந்ததால் வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தார்கள். டெல்டாவில் குறுவை ஐந்து லட்சம் ஏக்கரைத் தாண்டியது. எல் நினோ கர்நாடகத்தை அடித்தது. செப்டம்பரில் அங்கே 195 தாலுகாக்களை வறட்சிப் பகுதி என்று அறிவித்தார்கள். காவிரியில் வரத்து நின்றது. அணை முப்பது அடிக்கு வந்து, அக்டோபர் 10 அன்று மூடப்பட்டது. ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவர்களின் குறுவை, தொண்டைக் கதிரில் நின்றபடி காய்ந்தது. அந்தப் பருவத்தில் கதிர் முழுசாக வெளியே வராமல் பாதியில் சிக்கிக்கொள்ளும். வந்ததும் வெள்ளைப் பதராக நிற்கும். போர்செட் வைத்திருந்தவர்கள் ஓரளவு தேற்றிவிட்டார்கள். அணை வறண்டு கிடந்த அதே ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மாநிலக் கணக்கில் இயல்பை ஒட்டியே இருந்தது.

அதைவிட மோசமான இன்னொரு சிக்கல் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. எல் நினோ ஆண்டில் அணை தாமதமாகத் திறந்தால், ஆசைப்பட்டு ஆடிக் கடைசியில் குறுவை நடுவார்கள். அது அறுவடைக்கு வரும்போது ஐப்பசி அடைமழை. அந்த ஆண்டு ஐப்பசி மழை கூடுதலாக இருக்க வாய்ப்பும் அதிகம். ஆக, நடும்போது தண்ணீர் இல்லை, அறுக்கும்போது தண்ணீர் வடியவில்லை.

“லா நினா வந்தா மழை கொட்டும்னாங்க. 2016-ல ஏன் அப்படிக் காஞ்சுது?”

மேலே சொன்னதைத் தலைகீழாகத் திருப்பினால் பதில் வந்துவிடும். லா நினா தென்மேற்குப் பருவமழைக்குத் துணை. வடகிழக்குப் பருவத்தில், வங்கக்கடல் தாழ்வுநிலைகள் நம் கரையைவிட்டு வடக்கே ஆந்திரா, ஒடிசா, வங்கதேசம் பக்கம் விலகப் பார்க்கும். 2016-இல் லா நினா லேசாகத்தான் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலும் எதிராக நின்றது (அது அடுத்த கேள்வி). வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. மேட்டூரும் அந்த ஆண்டு செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து சென்னையில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதே தவிர, டெல்டாவுக்கு ஒரு சொட்டுப் பயனில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள்.

இதையே வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 2021-உம் லா நினா ஆண்டுதான். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 59 சதவீதம் கூடுதல். 2010-லும் லா நினா வலுவாக இருந்தும் நல்ல மழை. எல் நினோ, லா நினா எல்லாம் தராசை ஒரு பக்கம் சாய்க்கும், அவ்வளவே. கார்த்திகையில் இரண்டு தாழ்வுநிலை சரியான இடத்தில் உருவாகிவிட்டால் மொத்தக் கணக்கும் மாறிப்போகும்.

“1997-ல பயங்கர எல் நினோன்னு படிச்சேன். ஆனா அந்த வருஷம் ஒண்ணும் ஆகலையே?”

ஆமாம், நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் அது ஒன்று. ஆனால் நாட்டின் தென்மேற்குப் பருவமழை சராசரியைவிட இரண்டு சதவீதம் கூடுதல். வடகிழக்கும் தாராளம். இந்தப் புதிரை ஆராயும்போதுதான் நம் பக்கத்துக் கடலுக்கே ஓர் ஊசல் இருப்பது தெரிந்தது. 1999-இல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை விளக்கி எழுதினார்கள். ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ என்பார்கள், சுருக்கமாக ஐ.ஓ.டி. ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் கடல் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தால் நேர்மறை. மாறி இருந்தால் எதிர்மறை.

நேர்மறை ஐ.ஓ.டி. நமக்கு நண்பன். தென்மேற்குக்கும் உதவும், வடகிழக்குக்கும் பெரும்பாலும் உதவும். 1997-இல் எல் நினோவின் அடியைத் தாங்கிப் பிடித்தது அதுதான். 2019-இல் மிக வலுவான நேர்மறை வந்தபோது நாட்டில் 110 சதவீத மழை. 2016-இல் இருந்தது வலுவான எதிர்மறை. ஐ.ஓ.டி. எதுவானாலும் வைகாசி, ஆனியில் தொடங்கி, புரட்டாசி, ஐப்பசியில் உச்சம் தொட்டு, மார்கழிக்குள் கலைந்துவிடும். பசிபிக் அளவுக்கு இதை முன்கூட்டிக் கணிக்க முடியாது. ஆகஸ்ட் வரை பொறுத்திருந்து பார்ப்பது நல்லது.

“எம்.ஜே.ஓ.ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதேதானா?”

இல்லை, அது வேறு. நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே நகரும் ஒரு மேகக் கூட்டம். உலகைச் சுற்றிவர 30 முதல் 60 நாள். இந்தியப் பெருங்கடலைக் கடக்கும்போது நமக்கு மழை கூடும், பசிபிக் பக்கம் போனதும் ஓயும். எல் நினோவை வைத்துப் பருவத்தைத் திட்டமிடலாம். எம்.ஜே.ஓ.வை வைத்து இந்த வாரம் உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா என்று பார்க்கலாம்.

“இயல்பான மழைன்னு வானிலை மையமே சொல்லுது. என் வயல் மட்டும் ஏன் காஞ்சுது?”

சராசரி என்பது கணக்கு. பயிர் நாள் பார்த்துத் தண்ணீர் குடிக்கிறது. 2023-இல் நாட்டின் மொத்தப் பருவமழை 94 சதவீதம், கேட்க மோசமில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 36 சதவீதம் குறைவு. 1901-க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் வந்ததில்லை. 2002-இல் ஜூலை மழை இயல்பில் பாதிகூட இல்லை. வடக்கே நாற்றங்காலே நடவுக்கு வராமல் கருகியது.

நெல்லுக்கு இரண்டு இடம் ஆபத்து. ஒன்று, தண்டுக்குள் கதிர் உருண்டு நிற்கும் பூட்டைப் பருவத்திலிருந்து பூக்கும்வரை தண்ணீர் இல்லாமல் போவது. இன்னொன்று, பூக்கும்போதே மழை அடிப்பது. நெற்பூ காலை ஒன்பது மணி வாக்கில் வாய் திறந்து ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் மூன்று, நான்கு நாள் தொடர்ந்து தூறினாலே மகரந்தம் நனைந்து, கதிர் பாதிக்குப் பாதி பதராகும். மழைமானி அதை ‘நல்ல மழை’ என்றுதான் பதிவு செய்யும். அறுவடை நேரத்து மழை இன்னொரு வேதனை. 2021 ஜனவரியில் பொங்கல் வாரம் பூராவும் பெய்ததில், சாய்ந்த சம்பா வயலிலேயே முளை விட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அதே கதை. இரண்டும் லா நினாக் காலம் என்பதைக் கவனியுங்கள்.

“நாங்க விளாத்திகுளம் பக்கம். மேட்டூரும் இல்ல, காவிரியும் இல்ல. எங்களுக்கு?”

உங்கள் கணக்கு டெல்டாவைவிட எளிது. மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி எல்லாம் வடகிழக்கு ஒன்றையே நம்பியவை. ஆகவே எல் நினோ ஆண்டு உங்களுக்குச் சாதகமாகச் சாயும். லா நினாவோடு எதிர்மறை ஐ.ஓ.டி.யும் சேர்ந்தால்தான் பயப்பட வேண்டும். அப்படிப்பட்ட ஆண்டில் முழுக்க மக்காச்சோளம் போடாமல், பாதி நிலத்தில் கம்பு, சோளம், உளுந்து என்று குறைந்த ஈரத்தில் தேறுவதைப் போடுங்கள். மக்காச்சோளத்துக்கு விதை, உரம், படைப்புழுவுக்கு மருந்து என்று முதலிலேயே ஏக்கருக்கு இறங்கும் பணம் அதிகம்.

சாதகம் என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தப் பக்கத்தின் ஓராண்டு மழையைவிட அதிகம். அது எல் நினோவும் நேர்மறை ஐ.ஓ.டி.யும் சேர்ந்த ஆண்டு. தாமிரபரணிக் கரை வாழையும் கரிசல் உளுந்தும் ஒன்றாகப் போயின.

“அண்ணை, வன்னியில பெரும்போகத்துக்கு எல் நினோ நல்லமோ?”

விதைப்புக்கு நல்லம். இலங்கையிலும் எல் நினோ ஆண்டின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழை கூடுகிற பக்கம்தான் சாயும். குளங்கள் நிரம்பும். ஆனால் அதே எல் நினோ ஜனவரி முதல் மார்ச் வரை மழையைக் குறைக்கப் பார்க்கும். பிந்தி விதைத்தவையும் மேட்டுப் பயிர்களும் அங்கேதான் அடிபடும். ஆகவே எல் நினோ ஆண்டில் முந்தி விதைப்பதே புத்தி. சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சுவதை எண்ணித்தான் காணி அளவை முடிவுசெய்ய வேண்டும்.

உங்கள் பக்கத்தில் மோசமாக அடித்தது எல் நினோ இல்லாத 2016–17 பெரும்போகம்தான். இங்கே 62 சதவீதம் குறைந்த அதே மழை அங்கேயும் பொய்த்தது. 2017-இல் இலங்கையின் நெல் உற்பத்தி முந்தைய ஆண்டில் ஏறக்குறைய பாதிக்கு வந்து, அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

“மழையை விடுங்க. வெயிலும் கூடுமாமே, அதனால என்ன கெடும்?”

எல் நினோ உச்சம் தாண்டிய பிறகு வரும் கோடை சுடும். 2016, 2024 கோடைகள் நினைவிருக்கும். நெல்லுக்குப் பகல் வெயிலைவிட ராப்புழுக்கம் பெரிய எதிரி. இரவில் வெப்பம் இறங்காவிட்டால், பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிரே மூச்சுவிட்டுக் கரைத்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் பதிவுகளைப் பார்த்தவர்கள், இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கோடைப்போக விளைச்சல் பத்து சதவீதம் குறைவதை 2004-இல் எழுதினார்கள். பூக்கும்போது 35 டிகிரியைத் தாண்டினால் பதர் கூடுவது தனி.

தென்னையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தென்னம்பாளை மரத்துக்குள் உருவாகிக் காயாக விழுவதற்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு கோடையின் வறட்சி அந்த ஆண்டோடு போகாது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் குரும்பை உதிரும், காய் சிறுக்கும். ‘நல்லாத்தானே மழை பெய்யுது, ஏன் காய் இல்லை?’ என்று பொள்ளாச்சியில் கேட்பவர்கள் இரண்டு கோடைக்கு முந்தைய கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

“தாது வருஷப் பஞ்சம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும்னு எங்க தாத்தா சொல்வார். அதுவும் ஒரு சுழற்சிதானே?”

1876–77 தாது வருஷம். அந்தப் பஞ்சத்துக்கும் எல் நினோவுக்கும் தொடர்பு உண்டு. 1877–78 எல் நினோ பதிவுகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. இந்தியா முழுவதும் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது வரலாற்றாளர்கள் கணக்கு. சென்னையில் இன்று சாக்கடையாகக் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி, பஞ்சக்கூலிக்கு ஆட்களை வைத்து வெட்டியது. ஆனால் மழை பொய்த்ததால் மட்டும் இவ்வளவு பேர் சாகவில்லை. அந்த ஆண்டுகளிலும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. கடல் சூடானது இயற்கை, மூட்டை வெளியேறியது லண்டன் கொள்கை.

அறுபது வருஷக் கணக்கு மட்டும் நிற்கவில்லை. தாது அடுத்து வந்தது 1936–37-இல், அதற்கடுத்து 1996–97-இல். 1996 ஜூனில் சென்னையில் வெள்ளம் புகுந்தது, பஞ்சம் எங்கே? முதல் பதிலில் சொன்னபடி எல் நினோவுக்குச் சரியான இடைவெளியே கிடையாது. பஞ்சாங்கத்தின் ‘இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை’யை வைத்து ரகம் தேர்வு செய்யாதீர்கள். நல்ல நாள் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை.

“ஆஸ்திரேலியாவுல கோதுமை போனா, பிரேசில்ல சோயா வெளஞ்சா, எனக்கென்ன சார்?”

விலை. எல் நினோ எல்லா நாட்டையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஆஸ்திரேலியக் கோதுமை, இந்தோனேசிய நெல், தென்னாப்பிரிக்க மக்காச்சோளம் சரியும். அர்ஜென்டினா, தெற்கு பிரேசில், அமெரிக்கா பக்கம் சோயா தேறும். லா நினாவில் அப்படியே திரும்பும். மூன்றாண்டு லா நினாவின் கடைசியில், 2022–23-இல், அர்ஜென்டினாவின் சோயா வறட்சியில் அழிந்தது. சோயாப் பிண்ணாக்கு விலையும் மக்காச்சோள விலையும்தான் நாமக்கல்லில் முட்டை விலையை ஆட்டுகின்றன.

பழைய கதை ஒன்று உண்டு. 1972 எல் நினோவில், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த பெரு நாட்டு நெத்திலி காணாமல் போனது. அந்தக் கருவாட்டுத் தூள்தான் அப்போது உலகத்துக் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனம். தீவனக்காரர்கள் சோயா பக்கம் ஓட, விலை எகிற, 1973-இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டது. மிரண்ட ஜப்பான் பிரேசிலில் சோயா வளர்க்கப் பணம் போட்டது.

பாமாயிலுக்குத் தென்னை மாதிரியே தாமதம். மலேசியா, இந்தோனேசியாவில் இன்று காய்ந்தால், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கழித்துத்தான் குலை குறையும். நாம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்வதால், கடலைக்கும் தேங்காய்க்கும் விலை கூடுகிற காலம் அது. நெல்லுக்கு வேறு மாதிரி. 2023 ஜூலை 20-இல், எல் நினோ பயத்தில், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. உலக அரிசி விலை பதினைந்து ஆண்டு உச்சம் தொட்டது, அந்த ஏற்றம் நம் வயல்காரருக்கு வந்து சேரவில்லை. என்னைக் கேட்டால், எல் நினோ ஆண்டில் நெல்காரர் வானத்தோடு வணிக அமைச்சகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“எந்த மாசத்து அறிவிப்பை நம்பலாம்? மார்ச்சுல ஒண்ணு சொல்றாங்க, ஜூலையில வேற சொல்றாங்க.”

மார்ச் முதல் மே வரை பசிபிக் மனசு மாறுகிற காலம். அப்போது சொல்லும் எந்தக் கணிப்பும் சறுக்கும், இது உலகம் முழுக்க எல்லா வானிலை மையங்களுக்கும் தெரிந்த பலவீனம். ஜூன் கடைசிக்கு மேல் சொன்னால் ஓரளவு நம்பலாம். இந்திய வானிலைத் துறை ஏப்ரல் நடுவில் முதல் கணிப்பும், மே கடைசியில் திருத்தியதும், செப்டம்பர் கடைசி வாக்கில் வடகிழக்குப் பருவத்துக்கானதும் தரும். அமெரிக்க வானிலை மையம் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை பசிபிக் நிலையை வெளியிடும்.

‘எல் நினோவுக்கு 60 சதவீத வாய்ப்பு’ என்றால் பத்தில் நான்கு முறை வராது என்றும் அதிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னொன்று: தென்மேற்கில் சராசரிக்கு 4 சதவீதம் இப்படி அப்படி இருந்தால் ‘இயல்பு’. வடகிழக்கின் குணமே ஏறி இறங்குவது, ஆகவே தென்னிந்தியாவுக்கு 12 சதவீதம் வரை இப்படி அப்படி இருந்தாலும் ‘இயல்பு’ என்றுதான் அறிவிப்பார்கள்.

“கதை போதும். எல் நினோன்னு உறுதியானா நான் என்ன ரகம், எப்ப போடணும்?”

குறுவையில், போர்செட் இல்லாதவர்கள் ஆற்றை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். போடுபவர்கள் 105, 110 நாள் ரகத்தை ஜூனிலேயே விதைத்து, புரட்டாசிக்குள் அறுத்துவிட வேண்டும். ஜூலை நடுவுக்குப் பிறகு அணை திறந்தால் குறுவையை மறந்துவிட்டு ஒருபோக சம்பாவுக்குப் போய்விடுங்கள். காரணம் டெல்டா கேள்வியில் சொன்ன ஐப்பசிச் சிக்கல்.

சம்பாவில், ஆகஸ்டில் விதைக்க முடிந்தால் சி.ஆர். 1009 சப்-1 மாதிரி நீண்டகால ரகம். இந்த ‘சப்-1’ இருக்கும் பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் எழுந்துகொள்ளும், எல் நினோ ஆண்டின் கார்த்திகைக்கு ஏற்றது. செப்டம்பர் நடுவைத் தாண்டினால் 130, 135 நாள் ரகம். ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் கோடை உழவு ஓட்டி, காய்ந்த மண்ணிலேயே நேரடியாகப் புழுதி விதைப்பு செய்தால், ஒரு மாதத்துத் தண்ணீர் மிச்சம். நாற்று விடுபவர்கள் ஊருக்கு ஒரு போர்செட்டில் சமுதாய நாற்றங்கால் போடலாம். எல்லாவற்றுக்கும் மேல், வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை ஐப்பசிக்கு முன்பே எடுங்கள். மேட்டூர் வறண்டு கிடக்கும்போது வடிகாலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். பரவாயில்லை.

மழை கூடி மப்பும் மந்தாரமுமாக இருந்தால் புகையான் பூச்சியும், குலைநோய், நெல்பழம் என்ற பூஞ்சை நோய்களும் வரும். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவதே பாதித் தற்காப்பு. லா நினா ஆண்டில் கவலை வேறு இடத்தில். அணை நிறைந்திருக்கும், ஆனால் வடகிழக்கு ஏமாற்றலாம். வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூரை மூடுவார்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் கேட்கிற மாதிரி சம்பாவைத் தள்ளிப் போடாதீர்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளித்தால் மண்ணின் மிச்ச ஈரத்திலேயே அது தேறிவிடும்.

“புவி வெப்பமாகுதுங்கிறாங்க. இந்தப் பழைய கணக்கெல்லாம் இனி செல்லுமா?”

சாய்வு செல்லும், அளவு மாறிவிட்டது. எல் நினோ எத்தனை முறை வரும் என்பதில் விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை. ஆனால் சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், ஒரு டிகிரிக்கு ஏழு சதவீதம் அளவுக்கு. ஆகவே பெய்யும்போது பேயாகப் பெய்யும். அரபிக்கடலும் வங்கக்கடலும் முன்பைவிடச் சூடு. இப்போதைய லா நினா ஆண்டு சில, அந்தக் காலத்து எல் நினோ ஆண்டைவிட வெப்பமானவை. அதனால் 1980-களின் அனுபவத்தை வைத்து ‘லா நினாதானே, குளுகுளுன்னு இருக்கும்’ என்று சொல்பவர்களிடம் ராப்புழுக்கக் கேள்வியின் பதிலைக் காட்டுங்கள்.

“எல் நினோன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. அதைக் காட்டி காப்பீடு கேக்கலாமா?”

கேட்க முடியாது. காப்பீட்டுக்குக் காரணம் எல் நினோவா லா நினாவா என்பது பொருட்டே இல்லை. உங்கள் கிராமத்தில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, விளைச்சல் உத்தரவாத அளவுக்குக் கீழே போயிருந்தால் அந்தக் கிராமத்தில் பதிந்தவர்களுக்குப் பணம். பக்கத்து வயல் தேறி உங்கள் வயல் மட்டும் போனால், பொதுவாக ஒன்றும் வராது. விதைக்கவே முடியாமல் கிராமத்தின் பெரும்பகுதி தரிசாகக் கிடந்தால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தர வழி உண்டு. அறுத்துப் பரப்பிய கதிர், இரண்டு வாரத்துக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கைபேசியில் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பாவுக்கு உழவர் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15-ஐ ஒட்டி வரும், அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற சாகுபடிச் சான்றுக்கும், இ-சேவை மையத்தில் பதிவுக்கும் நிற்கும் வரிசை நீளம், சர்வரும் படுத்துவிடும். நட்ட கையோடு ஐப்பசி முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.